யாரோடும் போகாத ஊர்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. மத்ரித் நகரத்தின் சமார்த்தீன் ரயில் நிலையத்தில், டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்மணியிடமிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கு எழுபது வயது இருக்கலாம். அப்போதுதான் சலூனிலிருந்து வந்த மாதிரி முடி படிந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளிடம் அவர் கேட்டார்:

“காலையில போய் சாயங்காலம் திரும்புற மாதிரி ஒரு பழைய ஊர் சொல்லுங்க. ஆனா நாங்க ரெண்டு பேருமே வேற யாரோடயும் அங்க போயிருக்கக் கூடாது.”

அந்த ஆள் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“எந்த வண்டி எந்த பிளாட்ஃபாரம்னு கேட்டா சொல்லுவேன்மா. நீங்க யாரோட எங்க போனீங்கன்னு இந்த கம்ப்யூட்டர்ல இல்ல.”

வரிசை சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். நானும்தான். வீடு திரும்பும்போது மெட்ரோவில், பாதி வழியில், என் சிரிப்பு நின்றுவிட்டது. ‘நாங்க ரெண்டு பேரும்’ என்றால் அவரும் யாரும்? ‘வேற யாரோடயும்’ என்றால் யார் அந்த வேறு யாரோ? அந்த வயதில் அதற்கு ஒரு பதில்தான் இருக்க முடியும். செத்துப்போனவர்கள்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கசில்டா என்று வைத்திருக்கிறேன். [எழுபது வயதுக்காரியை ‘அவள்’ என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ‘அவர்’ என்று எழுதினால், கூடவே இன்னொரு ‘அவரும்’ வரப்போவதால் நீங்கள் தடுமாறுவீர்கள். தவிர, கதைக்குள் வந்து ஒருவர்மேல் ஆசைப்படுகிற பெண் எந்த வயதிலும் அவள்தான். கசில்டா மன்னிப்பாள்.]

2

எப்படித் தொடங்குவது?

‘கசில்டா ஜன்னலைத் திறந்தபோது மத்ரித் நகரத்தின் மேல் வெயில்—’

வேண்டாம். ஜன்னலைத் திறக்கிற பெண்ணோடு தொடங்கிய எத்தனையோ கதைகளை நானே இரண்டாம் பக்கத்தில் மூடி வைத்திருக்கிறேன்.

‘மத்ரித்தைச் சுற்றியிருந்த பழைய ஊர்களையெல்லாம் இறந்தவர்கள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.’

இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பிக்கையில்லை. எழுதியவனை அழகாகக் காட்டுகிற வாக்கியம், கசில்டாவைக் காட்டவில்லை. அடிக்க மனமில்லாமல் இங்கேயே விட்டுவைக்கிறேன். நீங்கள் தாண்டிப் போகலாம்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

கசில்டா கரபான்செல் பேட்டையில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். ஓட்டுநர் பள்ளியின் பெயர்ப்பலகையில் அவள் கணவன் எவரிஸ்தோவின் பெயர் இருந்தது. காரில் பக்கத்து இருக்கையில் அவள் இருந்தாள். அங்கே இன்று நடுவயதில் இருக்கிற பாதிப் பேருக்கு கிளட்சை மெதுவாக விடக் கற்றுக்கொடுத்தது அவள்தான். அதனால் ரொட்டிக்கடைக்காரியிலிருந்து பாதிரியார் வரை எல்லோருக்கும் அவள் ‘டீச்சர்’. எவரிஸ்தோ போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. பள்ளி இருந்த இடத்தில் இப்போது நகத்துக்கு வண்ணம் தீட்டுகிற கடை.

லெயாந்த்ரோ லிஃப்ட் பழுது பார்த்தவர். “ஆயுசு பூரா மேலயும் கீழயும் போய்ட்டு வந்துட்டேன், பக்கவாட்டுல எங்கயும் போகல” என்று அவரே சொல்லிக்கொள்வார். அவருடைய மனைவி ஃபெலிசா நோயில் இறந்த பிறகு, பேட்டையின் மூத்தோர் மையத்துக்கு டொமினோ ஆட வர ஆரம்பித்தார். வியாழக்கிழமைகளில் அங்கே நடனம் உண்டு. அவர் சுவரோரமாக, வண்டிக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார். ஒரு வியாழக்கிழமை கசில்டா அவரைக் கையைப் பிடித்து நடுக் கூடத்துக்கு இழுத்துவந்துவிட்டாள். கார் சொல்லிக்கொடுத்த அதே குரலில்தான் ஆடவும் சொல்லிக்கொடுத்தாள்.

“முன்னாடி பாருங்க. காலப் பாக்காதீங்க. அது எங்கயும் போயிடாது.”

நடனத்துக்குப் பிறகு காபி. காபிக்குப் பிறகு அவர் அவளைத் தெருமுனை வரை கொண்டுவந்து விடுவது. மையத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் பக்கத்து மேசையில் டொமினோக் கட்டைகளின் சத்தம் திடீரென்று குறைந்துவிடும். அவ்வளவு ஆர்வமாகக் கேட்பார்கள். கசில்டாவுக்கு எரிச்சல். ஒருநாள் தெருமுனையில் கேட்டுவிட்டாள், இவர்கள் யார் கண்ணிலும் படாமல் ஒரு நாள் எங்கேயாவது போய்வரலாமா என்று.

லெயாந்த்ரோவின் காதுமடல் சிவந்தது. கார் ஏற்பாடு செய்யட்டுமா என்றார்.

“கார் வேணாம். இத்தனை வருஷம் பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு பிரேக்குல கால வச்சே இருந்துட்டேன். ரயில்ல போவோம். வேற யாராவது ஓட்டட்டும்.”

“சரிங்க டீச்சர்.”

[இவர்கள் பேசுவது ஸ்பானிஷில். இந்த நகரத்தில் எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் கேட்பதெல்லாம் உள்ளே தமிழாகத்தான் போய் விழுகிறது. அவர்கள் மொழியிலும் ‘நீ’ வேறு, ‘நீங்க’ வேறு. மையத்தில் எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். லெயாந்த்ரோ மட்டும் கசில்டாவை ‘நீங்க’ என்பார். அவளும் திருப்பிக் கொடுப்பாள்.]

3

திட்டம் போடத் தொடங்கினார்கள்.

லெயாந்த்ரோ முதலில் டொலேடோ என்றார். யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். கசில்டா வேண்டாமென்று உடனே, யோசிக்காமல், தலையை ஆட்டினாள். அங்கே எவரிஸ்தோவோடு போயிருக்கிறாளாம். கடையில் நின்று பாதாம் இனிப்பு தின்றார்களாம்.

செகோவியா? அங்கும் எவரிஸ்தோவோடு போயாகிவிட்டது. அந்தப் பெரிய கல் பாலத்துக்கு அடியில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்களாம். குவென்கா? அதுவும்தான்.

“அவங்க போன எடத்துக்கு நாம போனா நாலு பேராப் போற மாதிரி இருக்கும்” என்றாள் கசில்டா.

லெயாந்த்ரோ சற்று யோசித்துவிட்டு, “சாப்பிடுற எடத்துல டேபிள் பத்தாது” என்றார்.

அன்றைக்குத்தான் அவள் அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அவருக்கும் அந்த நியாயம் புரிந்தது. ஆவிலா வேண்டாம் என்று அவராகவே சொன்னார்; காபி மேசையில் எத்தனையோ தடவை சொன்ன கதைதான், அங்கே ஃபெலிசா முட்டை மஞ்சள்கரு இனிப்பு ஒரு பெட்டி வாங்கி, ஊர் திரும்புவதற்குள் ரயிலிலேயே முழுக்கத் தின்று தீர்த்தாள். அரன்ஹுவேஸும் கூடாது, அது ஸ்ட்ராபெரிக்காக ஃபெலிசாவும் அவள் அக்காவும் வருஷா வருஷம் போன ஊர். அல்காலாவுக்கு யாரும் யாரோடும் போனதில்லை. ஆனால் அங்கேதான் கசில்டாவின் கால் ஆணி பார்க்கிற டாக்டர் இருக்கிறார். காதலிக்கப் போகிற ஊரில் தன் பாதத்தை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவன் எதிரே வந்தால் நன்றாக இருக்காது என்று அவள் அபிப்பிராயப்பட்டாள்.

அப்படித்தான் அவள் சமார்த்தீனுக்குப் போய் வரிசையில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நிஜத்தில் அந்தப் பெண்மணிக்கு யாரும் ஊர் சொல்லவில்லை. வேறு எதையோ கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கதையில் அப்படி விட முடியாது. அதனால் வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரலை எழுப்பினேன்: “சிகுவென்சா போயிருக்கீங்களா?” அந்தக் குரல் என்னுடையதுதான். எனக்கு அந்த ஊரைத் தெரியும். மலைச்சரிவில் ஏறுகிற சின்ன ஊர். மேலே கோட்டை, நடுவில் பேராலயம், கீழே ரயில் நிலையம். இதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்லப்போவதில்லை. காரணம் கடைசியில் தெரியும்.

4

மூத்தோர் மையத்தின் காபி கவுன்ட்டரை ஒட்டிய மேசை. கசில்டா தன் செல்பேசியை லெயாந்த்ரோவின் பக்கம் திருப்பினாள். காலையில் போகிற வண்டி, மாலையில் திரும்புகிற வண்டி. செவ்வாய்க்கிழமை போகலாம், கூட்டம் இருக்காது.

“சிகுவென்சா போனதில்லதானே?”

லெயாந்த்ரோ காபியைக் கலக்கினார். “போனதில்ல” என்றார்.

[இதை எழுதி ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்: லெயாந்த்ரோ காபிக்குச் சர்க்கரை போடுவதில்லை. பிறகு எதைக் கலக்கினார்?]

சாப்பாட்டைப் பற்றி ஒரு சின்னச் சண்டை நடந்தது. உருளைக்கிழங்கு ஆம்லெட்டை ரொட்டிக்குள் வைத்துக் கட்டி எடுத்துவருவேன் என்றாள் அவள். ஊர் பார்க்கப் போகிறவர்கள் பொட்டலத்தைப் பிரித்துத் தின்னக் கூடாது, உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார் அவர். போகும்போது பொட்டலம், அங்கே போய் உட்கார்ந்து சாப்பாடு என்று முடிவாயிற்று. அப்புறம் அவள் தன் முழங்காலைப் பற்றிச் சொன்னாள். படத்தில் பார்த்தால் ஊர் ஒரே ஏற்றமாக இருக்கிறதே, மேலே வரை போக முடியுமா?

“அத நினைச்சுக் கவலப்படாதீங்க டீச்சர். ஸ்டேஷன விட்டு வந்ததும் பூங்காதான். மரத்து நிழல்லயே நடந்து போயிடலாம். ஏத்தம் அதுக்கப்புறந்தான். பாதி ஏத்தத்துல ஒரு வீட்டு வாசல்ல கல் பெஞ்சு இருக்கு. அங்க உக்காந்து மூச்சு வாங்கிக்கலாம்.”

கசில்டா செல்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“போனதில்லன்னீங்க.”

இங்கே நான் எழுதுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஏனென்றால் அந்தக் கல் பெஞ்சு என்னுடையது. ஒரு கோடையில் மூச்சு வாங்க நான் உட்கார்ந்த இடம். அவளுடைய முழங்காலுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, என் ஞாபகத்திலிருந்து எடுத்து லெயாந்த்ரோவின் வாயில் வைத்துவிட்டேன். எழுத்தாளர்கள் சாதாரணமாகச் செய்கிற காரியம். யாரும் கண்டுபிடிப்பதில்லை. கசில்டா கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த வரிகளை அடித்தேன். பெஞ்சை எடுத்தேன், பூங்காவை எடுத்தேன். “பாத்துக்கலாம் டீச்சர், மெதுவாப் போவோம்” என்று மட்டும் அவரைச் சொல்லவைத்தேன். பிரயோஜனமில்லை. அடித்த பிறகும் அவள் முகம் அப்படியேதான் இருந்தது. அவள் கேட்டுவிட்டாள். அவருடைய முகமோ, பொய் சொல்லி மாட்டிக்கொண்ட ஒரு மனிதனின் முகமாகவே இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் ஒரு விவரத்தைத் தவறிப்போய் வைத்துவிடவில்லை. இவர் நிஜமாகவே அங்கே போயிருக்கிறார். எனக்கு முன்பே.

“யாரோட?”

அவர் கரண்டியைக் கோப்பைக்குள்ளேயே விட்டார்.

“ஃபெலிசாவோடயா?”

ஆமாம் என்று தலையை அசைத்தார். பக்கத்து மேசையில் டொமினோ நின்றேவிட்டது.

கசில்டா கைப்பையை எடுத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

“போயிருக்கேன்னு சொல்லியிருந்தா வேற ஊர் பாத்திருப்போம். அவ்வளவுதானே? போனதில்லன்னு சொன்னீங்க பாருங்க.”

அடுத்த வியாழக்கிழமை அவள் ஆட வரவில்லை.

5

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மகள் பெகோன்யா வந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க மற்றவர்கள் உடம்பைப் பற்றிக் கேட்டுக்கேட்டு எதற்கும் அசராதவள். அம்மாவுக்கு ஒரு சிநேகிதர் இருப்பது அவளுக்குத் தெரியும். பேட்டையில் யாருக்குத்தான் தெரியாது? கேலி செய்வாள், அதைத் தவிர ஆட்சேபணை எதுவுமில்லை.

கொண்டைக்கடலைக் குழம்பைப் பரிமாறிக்கொண்டே கசில்டா எல்லாவற்றையும் கொட்டினாள். காதில் விழுந்தவுடன் முகம் சுளிக்கிற மாதிரி ஒரு பொய், அதுவும் அந்த வயதில், அதுவும் கண்ணைப் பார்த்து. பெகோன்யா ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடி சிரித்தாள். மற்ற பெண்களின் சிநேகிதர்கள் உயிரோடு இருக்கிறவளோடு போய்விட்டுப் பொய் சொல்வார்கள்; அம்மாவின் ஆள் செத்துப்போன சொந்தப் பெண்டாட்டியோடு போய்விட்டுப் பொய் சொல்கிறார், இதைவிட யோக்கியமானவரை எங்கே தேடுவது என்றாள்.

பிறகு, சும்மா கேட்கிற மாதிரி, டொலேடோவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டாள்.

“அப்பாவோட போயிருக்கேன்னு சொன்னேன்.”

பெகோன்யாவின் கை நின்றது.

“அம்மா. அப்பா உன்ன எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனாரு?”

[இதை எழுதுகிற வரை எனக்கும் தெரியாது. மூன்றாம் பகுதியில் ‘உடனே, யோசிக்காமல், தலையை ஆட்டினாள்’ என்று எழுதியபோது அதைத் துக்கம் என்று நினைத்தேன். திரும்பிப் போய்ப் படித்துப் பாருங்கள். ‘போயிருக்கிறாளாம்’, ‘தின்றார்களாம்’ என்றுதான் என் கை எழுதியிருக்கிறது. என்னைவிட என் கைக்கு முதலில் தெரிந்திருக்கிறது.]

எவரிஸ்தோ கெட்டவன் இல்லை. குடிக்கவில்லை, அடிக்கவில்லை, கசில்டாவின் சமையலைக் குறை சொன்னதில்லை. வசந்தம் வந்தால் டொலேடோ போகலாம் என்பான்; வசந்தம் வந்தால், வாரம் முழுக்க காரில்தானே இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமையும் காரா என்பான். அப்புறம் செகோவியா என்பான். திங்கட்கிழமை காலையில் மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரிகள் எங்கே போய்வந்தார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஒரு திங்கட்கிழமை கசில்டாவும், நாங்களும் டொலேடோ போயிருந்தோம் என்று சொல்லிவிட்டாள். இனிப்புப் பெட்டியின் மூடியில் அந்த ஊரின் படம் இருந்தது, அது போதுமாயிருந்தது. பிறகு பள்ளிச் சுவர்க் காலண்டரைப் பார்த்து செகோவியா போனாள். தொலைக்காட்சியில் பார்த்த குவென்காவுக்கும் போய்வந்தாள். பேட்டைக்கே வண்டி ஓட்டிக்கொண்டு வெளியூர் போகச் சொல்லிக்கொடுத்தவள், ஊர் பார்க்க என்று பேட்டையைத் தாண்டியதில்லை.

“அந்த மனுஷங்கிட்ட ஏம்மா அப்படிச் சொன்னே?”

கசில்டா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அவரு ஆவிலாங்கிறாரு, அரன்ஹுவேஸ்ங்கிறாரு. அந்தப் பொம்பள ரயில்ல இனிப்பு தின்னத எப்படிச் சொல்றாரு தெரியுமா? என்னை யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகலன்னு அங்க எப்படிச் சொல்றது.”

பெகோன்யா அதற்கு மேல் கேலி செய்யவில்லை. ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, அம்மாவின் தட்டில் வைத்தாள்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டிக்கடை. நீங்கள் இங்கே எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் வரிசை தெரியாது. ஆளாளுக்கு ஒரு மூலையில் நிற்பார்கள். ‘கடைசி யாரு?’ என்று கேட்க வேண்டும். ‘நான்’ என்று ஒருவர் சொல்வார். அவருக்குப் பின்னால் நீங்கள்.

“கடைசி யாரு?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் கசில்டா.

“நான்” என்றார் லெயாந்த்ரோ.

அவர் வீடு பேட்டையின் அந்தக் கோடியில். அங்கே வேறு ரொட்டிக்கடை இருக்கிறது. கசில்டா திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் கேட்டாகிவிட்டது, அவர் பதிலும் சொல்லிவிட்டார், அதன் பிறகு போவது மரியாதையில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். சவரம் செய்துகொண்டு, டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பிடரியில் ஓரிடத்தில் கத்தி பட்டுச் சிவந்திருந்தது.

அவர் திரும்பவில்லை. அலமாரியில் அடுக்கியிருந்த ரொட்டிகளைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபெலிசாவுக்கு என்ன என்று சொன்ன காலை அது. வெளியே வந்தார்கள். வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் இருப்பார்கள், சொல்ல வேண்டும். ஃபெலிசா வீட்டுக்கு வேண்டாம் என்றாள். பக்கத்தில் இருந்த ரயில் நிலையத்துக்குள் போனார்கள். பலகையில் இருந்த பெயர்களைப் படித்து, இது நல்லாயிருக்கு என்று அவள் ஒன்றைக் காட்டினாள். சிகுவென்சா. போனார்கள், நடந்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் திரும்பினார்கள். அன்றைக்கு எங்கே போயிருந்தோம் என்று பிள்ளைகளிடம்கூட அவர் சொன்னதில்லை.

கடையில் யாரும் நகரவில்லை. ரொட்டிக்கடைக்காரி நீளமான ரொட்டி ஒன்றைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

“கால் நடந்துச்சு. கண்ணு எதையும் பாக்கல. அந்தக் கோயில் எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குத் தெரியாது. உள்ள போனோமான்னே தெரியாது. பெஞ்சு மட்டுந்தான் ஞாபகம் இருக்கு, அது சில்லுனு இருந்துச்சு.” டையைச் சரிசெய்துகொண்டார். “போனதில்லன்னு அதான் சொன்னேன். பொய்தான். ஆனா முழுப் பொய் இல்ல. அந்த ஊர ஒரு தடவையாவது கண்ணால பாக்கணும். பாத்தா உன்னோட பாக்கணும், கசில்டா.”

‘டீச்சர்’ இல்லை. ‘உங்களோட’ இல்லை. நான் எழுதிக்கொடுத்தது ‘உங்களோட’ என்றுதான்.

“அடுத்தது யாரு?” என்றாள் ரொட்டிக்கடைக்காரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

லெயாந்த்ரோவின் முறை. அவர் ஒதுங்கி, கசில்டாவுக்கு வழி விட்டார். கசில்டா தனக்கு வேண்டியதை வாங்கினாள். பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கினாள். கதவுவரை போனவள் நின்றாள்.

“செவ்வாய்க்கிழமை சீக்கிரம் வரணும். ஜன்னல் பக்கம் எனக்கு.”

7

இப்போது சிக்கல் எனக்கு. அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அவள் சொல்லவில்லை. அவருடைய ஒரு பொய்க்காக அவரை ஒரு வாரம் நிற்கவைத்தவள், தன்னுடைய மூன்று பொய்களையும் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறப்போகிறாள். அவளை எனக்குப் பிடித்துவிட்டது. அதனால் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. இவள் நியாயமானவளா? ரொட்டிக்கடையிலேயே சொல்லியிருக்கலாமே? அத்தனை பேர் முன்னால், ‘டீச்சர்’ என்று கூப்பிடுகிற அத்தனை பேர் முன்னால் சொல்ல முடியாது என்கிறாள். அது சரிதான். ஆனால் திங்கட்கிழமையும் இருந்ததே. திங்கட்கிழமை முடி அலங்காரம் செய்யப் போயிருந்தாளாம்.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. அவர்கள் வண்டியைத் தவறவிடுகிறார்கள். நிலையத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்து பேசி, ஆம்லெட்டைத் தின்று, வீடு திரும்புகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இன்னொரு முறையும் கசில்டா எங்கேயும் போகவில்லை என்றாகிறது. எவரிஸ்தோ செய்ததையே நானும் செய்வேனா? கிழித்தேன்.

இரண்டு. சிகுவென்சாவில் அந்தக் கல் பெஞ்சில் உட்கார்ந்து கசில்டா, ஃபெலிசாவுக்காக ஒரு நிமிஷம்— இல்லை. முகம் தெரியாத ஒருத்தியின் கல் பெஞ்சை வாசகர்களின் கண்ணீருக்காக எடுக்கக் கூடாது.

மூன்று. அவள் கடைசிவரை சொல்லவில்லை. நல்லபடியாகப் போய், நல்லபடியாகத் திரும்புகிறார்கள். பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் வேறு ஏதாவது ஊர் சொல்ல, அவள் அங்கும் போயிருக்கிறேன் என்று—

இதை எழுதும்போது கை நின்றுவிட்டது. வாக்கியம் அப்படியே இருக்கட்டும்.

ஆக, செவ்வாய்க்கிழமை காலை அவர்களை வண்டியில் ஏற்றிவிட்டேன். மேற்கொண்டு எதையும் தீர்மானிக்காமல்.

8

வண்டி குவாதலஹாராவைத் தாண்டிவிட்டது. மே மாதம். இரண்டு பக்கமும் கோதுமைப் பச்சை, நடுநடுவே கசகசாப் பூவின் சிவப்பு. ஜன்னலோரத்தில் கசில்டா, எதிரே லெயாந்த்ரோ. ஆம்லெட் பொட்டலத்தை அவள் சமார்த்தீனிலிருந்து கிளம்பியதுமே பிரித்துவிட்டாள். பொட்டலம் கூடாது என்று சண்டை போட்ட மனிதர் இரண்டு துண்டு சாப்பிட்டார். ஒரு ரொட்டித் துணுக்கு டையில் ஒட்டியிருந்தது. அவள் கையை நீட்டி அதைத் தட்டிவிட்டாள். தட்டிய கையை உடனே எடுக்கவில்லை.

“லெயாந்த்ரோ. நான் டொலேடோ போனதில்ல.”

அவர் அவளைப் பார்த்தார்.

“செகோவியாவும் போனதில்ல. குவென்காவும் போனதில்ல. அந்த போட்டோ, இனிப்பு, எதுவும் கிடையாது. எவரிஸ்தோ என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகல. நீங்க ஃபெலிசாவப் பத்திப் பேசினப்ப எனக்குச் சொல்லிக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு. அதான்.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கழுத்து சிவந்திருந்தது. வெளியே ஒரு சிற்றாறு வண்டியோடு கூடவே ஓடி வந்து, பிறகு விலகிப் போயிற்று.

லெயாந்த்ரோ என்ன பதில் சொல்வார்? என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன்.

‘பரவாயில்ல’ என்று எழுதினேன். அடித்தேன். மன்னிக்கிற இடத்தில் அவரை உட்காரவைத்தால் அவளை எங்கே உட்காரவைப்பது?

‘ஏன் பொய் சொன்னே’ என்று எழுதினேன். அதைக் கேட்க அவருக்கு வாய் வராது.

‘நான் கூட்டிட்டுப் போறேன்’ என்று எழுதினேன். இதுதான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஞாபகம் வந்தது, வருஷா வருஷம் எவரிஸ்தோ சொன்னதும் இதேதான். அந்த வாக்கியத்தை இனி எந்த ஆண்பிள்ளை வாயிலிருந்தும் அவள் கேட்க வேண்டாம்.

பேனாவை வைத்துவிட்டேன். அப்போது லெயாந்த்ரோ, என்னிடம் கேட்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“டொலேடோ நானும் பாத்ததில்ல. நீ என்னைக் கூட்டிட்டுப் போ.”

கசில்டா திரும்பினாள். இத்தனை வருஷம் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவள், பெயர்ப்பலகையில் பெயர் இல்லாதவள். அவளிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் போகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். யாரும் அவளிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று சொன்னதில்லை. அவள் முகத்தில் என்ன நடந்தது என்று எழுத எனக்குத் தமிழ் போதவில்லை, ஸ்பானிஷும் போதாது.

வண்டி வேகம் குறைகிறது. இது சிகுவென்சா இல்லை. அதற்கு முன்னால் வருகிற ஒரு சின்ன நிலையம். ஒரு கடிகாரம், பூட்டிய அறை ஒன்று, நடைமேடையில் ஒரு நாய். நான் இங்கே இறங்கிவிடப் போகிறேன். சிகுவென்சாவை எனக்குத் தெரியும். கூட வந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன், அங்கே பாருங்கள் இங்கே பாருங்கள் என்று கெடுத்துவிடுவேன். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்த ஊர். இன்னொருத்தி யாரும் கூட்டிக்கொண்டு போகாததால் பார்க்காத ஊர். இரண்டு பேருக்கும் அது இன்றைக்குத்தான் முதல் தடவை. இத்தனை பக்கங்களில், வாய்தவறி வந்த அந்தப் பெஞ்சைத் தவிர, அந்த ஊரின் ஒரு கல்லைக்கூட நான் உங்களுக்கு வருணிக்காமல் வைத்திருந்தது அதற்காகத்தான்.

நீங்கள் இறங்க வேண்டாம். லெயாந்த்ரோவுக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. கசில்டா ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், பாதி சிரிப்போடு. கதவு திறந்துவிட்டது, காற்று சத்தம் போடுகிறது, நான் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கும்.